புதிய சமையலறைக்கு எவ்வளவு செலவிடலாம்? கடைக்குப் போகும் முன் வீட்டில் போட வேண்டிய கணக்கு

மாடுலர் கிச்சன் கடைக்குள் நுழைந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி, "உங்கள் பட்ஜெட் என்ன?" என்பதுதான். நாம் எந்த எண்ணைச் சொன்னாலும், கணினித் திரையில் விரியும் வரைபடம் அந்த எண்ணுக்குச் சரியாக வந்து நிற்கும். இரண்டு லட்சம் என்று சொன்னவருக்கு இரண்டு லட்சத்தில் முடியும் அதே சுவர், நான்கு லட்சம் என்று சொன்னவருக்கு நான்கு லட்சத்தில் முடியும். ஆகவே அந்த எண்ணைக் கடையில் யோசிக்கக் கூடாது. வீட்டிலேயே, அளவு நாடாவையும் காகிதத்தையும் வைத்துக்கொண்டு தீர்மானித்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் சொந்த வீடோ அடுக்குமாடிக் குடியிருப்போ வைத்திருந்து, பழைய சமையலறையை மாற்ற நினைப்பவர்களுக்கான வழிமுறை இது. விலைகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், கீழே வரும் ரூபாய்க் கணக்குகளைக் கணக்கிடும் முறையைக் காட்டும் எடுத்துக்காட்டாக மட்டும் கொள்ள வேண்டும்.

மேல் வரம்பை முடிவு செய்தல்

வீட்டு மதிப்பில் இத்தனை சதவீதத்தைச் சமையலறைக்கு ஒதுக்கலாம் என்று சொல்லும் வழிகாட்டிகள் பல உண்டு. நம் ஊரில் அந்த விதி பொருந்தாது. இங்கே வீட்டு விலையின் பெரும்பகுதி நிலத்தின் விலை. சென்னையில் ஒரே அளவுள்ள இரண்டு சமையலறைகளில் ஒன்று அண்ணா நகரிலும் மற்றொன்று புறநகரான ஊரப்பாக்கத்திலும் இருப்பதாலேயே ஒன்றுக்கு இரண்டு மடங்கு செலவிட வேண்டும் என்று ஆகிவிடாது. விற்கும்போது போட்ட பணம் திரும்பி வரும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுவது நல்லது. பழைய வீட்டை வாங்குபவர் முதலில் இடிப்பது பெரும்பாலும் சமையலறையைத்தான்.

வரம்பை நிர்ணயிப்பவை வேறு: கையில் உள்ள பணமும், அந்த வீட்டில் இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கப் போகிறோம் என்பதும். ஆறு மாத வீட்டுச் செலவுக்கான தொகையையும், அடுத்த ஓராண்டுக்குள் வரப்போகும் பள்ளிக் கட்டணம், திருமணச் செலவு போன்றவற்றையும் ஒதுக்கிய பிறகு எஞ்சுவதே சமையலறைக்கான பணம். கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால், வட்டியையும் சமையலறையின் விலையாகவே எண்ண வேண்டும். ஆண்டுக்கு 12% வட்டியில் 3 லட்சம் ரூபாயை மூன்று ஆண்டுகளில் அடைப்பதாக வைத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 9,964 ரூபாய். மொத்தத்தில் 58,700 ரூபாய் வட்டியாகப் போகும். அந்தத் தொகைக்கு ஒரு நல்ல சிம்னியும் அடுப்பும் வந்துவிடும். ஐந்து ஆண்டுகளுக்குள் வீடு மாறும் வாய்ப்பு இருப்பவர், மேடையையும் குழாயையும் மட்டும் சீர்செய்து, பலகை வேலையைக் குறைத்துக்கொள்வதே பொருத்தம்.

சுவரை நீங்களே அளந்துகொள்ளுங்கள்

கடைக்காரர் தரும் மதிப்பீட்டைப் படிக்க வேண்டுமானால் நம்மிடம் நம்முடைய அளவு இருக்க வேண்டும். ஒரு சுவர் 10 அடி, மறு சுவர் 8 அடி என்று அமைந்த 'எல்' வடிவச் சமையலறையை எடுத்துக்கொள்வோம். மேடையின் அகலம் 2 அடி. இரண்டு சுவர்களையும் கூட்டினால் 18 அடி வரும். ஆனால் மூலையில் இரு மேடைகளும் ஒன்றன் மேல் ஒன்று விழுவதால் உண்மையான நீளம் 16 அடிதான். இந்த இரண்டு அடியை இருமுறை எண்ணும் வழக்கம் பரவலாக உள்ளது. கீழ்ப் பெட்டிகளின் உயரம் இரண்டரை அடி, சதுர அடிக்கு 1,500 ரூபாய் என்றால், மூலை ஒன்றிலேயே 7,500 ரூபாய் கூடுதலாக எழுதப்பட்டுவிடும். மதிப்பீட்டைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இதே சமையலறையில் கீழ்ப் பெட்டிகள் 16 அடிக்கு இரண்டரை அடியாக 40 சதுர அடி. ஜன்னலும் சிம்னியும் போக, மேல் பெட்டிகளுக்கு 12 அடி நீளம் கிடைப்பதாகக் கொண்டால், 2 அடி உயரத்தில் 24 சதுர அடி. அதற்கு மேலுள்ள கான்கிரீட் பரணுக்குக் கதவு மட்டும் போதும். அது இன்னொரு 24 சதுர அடி. பெட்டிக்கான விலையையே பரண் கதவுக்கும் போடுகிறார்களா என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டிக்கு 1,500, பரண் கதவுக்கு 600 என்று வைத்தால் 96,000 ரூபாயும் 14,400 ரூபாயும் சேர்ந்து 1,10,400 ரூபாய் ஆகிறது.

கடையில் பெரிய எழுத்தில் சொல்லப்படும் எண் இதுதான். வீட்டிலிருந்து வெளியே போகும் பணம் வேறு. இழுப்பறைகள், கூடைகள், கீல்கள் ஆகியவற்றுக்கு 45,000 என்று கொண்டால் தொகை 1,55,400 ஆகும்; அதன் மீது 18% ஜி.எஸ்.டி. 27,972. இத்துடன் மேடைக் கல்லும் அதைப் பதிப்பதும் ஓரம் தேய்ப்பதும் 20,000, சுவர் டைல்ஸ் 5,400, சிங்க்கும் குழாயும் 12,000, பிளம்பிங்கும் வயரிங்கும் 25,000, பழையதை இடித்து மண்ணை அள்ளிச் செல்ல 12,000, சிம்னியும் அடுப்பும் 28,000. மொத்தம் 2,85,772 ரூபாய். பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எந்த மேஸ்திரியாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் பத்து சதவீதம் கூடுதலாக ஒதுக்க வேண்டும். கணக்கு 3,14,000 ரூபாயைத் தாண்டுகிறது. இந்த எடுத்துக்காட்டில் 1,10,400 என்று தொடங்கியது கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் இதே விகிதம் வராது, ஆனால் பலகை விலையை மட்டும் வைத்து வரம்பைத் தீர்மானித்தவர் பாதி வேலையில் பணத்துக்கு அலைவார் என்பது உறுதி. வேலை நடக்கும் நாட்களில் வெளியே வாங்கிச் சாப்பிடும் செலவையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எதில் கைவைக்கக் கூடாது, எதில் குறைக்கலாம்

பிறகு மாற்ற முடியாதவற்றுக்கு முதலில் பணம். பிறகு மாற்றக்கூடியவற்றுக்கு மிச்சமிருந்தால் பணம். இந்த ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். கதவின் நிறத்தை எட்டு ஆண்டுகள் கழித்துக்கூட மாற்றலாம். டைல்ஸுக்குப் பின்னால் போகும் குழாயையும் வயரையும் மாற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். ஆனால் கடையில் நம் நேரத்தில் பெரும்பகுதி நிறத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே போய்விடுகிறது.

மின்சாரத்தில் தொடங்குவோம். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். மிக்சிக்காக வைத்த 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகக் கூடாது. கிரைண்டர், மிக்சி, ஃபிரிட்ஜ், தண்ணீர் சுத்திகரிப்பான், மைக்ரோவேவ், சிம்னி என்று இன்று இருப்பவற்றை எழுதி, நாளை வரக்கூடிய பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கும் ஓர் இடம் விட்டு, 16 ஆம்பியர் பிளக்குகள் எத்தனை, எங்கெங்கே என்று முடிவு செய்த பிறகே எலக்ட்ரீஷியனிடம் விலை கேட்க வேண்டும். அதிகச் சுமை இழுக்கும் பிளக்குகளுக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயரும் சுமை மிகுந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி எம்.சி.பி. சுவிட்சும் போடுவதற்கு ஆகும் கூடுதல் செலவு, மொத்தச் செலவில் மிகச் சிறியது.

மேடையின் உயரமும் அப்படிப்பட்டதே. வழக்கமாக 34 அங்குலத்தில் கட்டிவிடுகிறார்கள். சமைப்பவர் நின்றுகொண்டு முழங்கையை மடக்கும்போது, அந்த முழங்கைக்கு ஏறத்தாழ 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. உயரத்தை மாற்றச் சொல்வதற்குக் காசு ஒன்றும் ஆகாது. கட்டும் நாளில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டி செய்யும் பலகையில்தான் அதிகக் குழப்பம் இருக்கிறது. மரத் துகளைப் பசையோடு அழுத்திச் செய்யும் துகள் பலகையும், மர இழையை அப்படி அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் விலை குறைந்தவை, ஆனால் தண்ணீரைக் கண்டால் தாங்காதவை. சிங்க்குக்குக் கீழே ஒரு சொட்டு நீர் தொடர்ந்து கசிந்தால் முதலில் ஓரப் பட்டை பிரியும். பிறகு பலகை தேநீரில் நனைத்த பிஸ்கட்டைப் போல உப்பி, கீலின் திருகு பிடியற்றுக் கழன்றுவிடும். தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் உள்ள வீடுகளில் இந்தப் பலகையைக் கீழ்ப் பெட்டிக்கு வைக்கவே கூடாது என்பது என் கருத்து. கீழ்ப் பெட்டிகளுக்கு, குறைந்தபட்சம் சிங்க் பக்கத்துக்காவது, கொதிநீரிலும் பிரியாத, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரநிலைப்படி செய்த பிளைவுட்டைக் கேட்க வேண்டும். வாயால் சொல்வதை நம்பாமல், பலகையின் மீது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழே உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் எட்டாத மேல் பெட்டிகளுக்கு அதைவிட ஒரு படி குறைந்த பலகை போதும். பி.வி.சி. பலகைக்குத் தண்ணீரும் கறையானும் பகையில்லை. ஆனால் நீளமான தட்டில் கனத்தை ஏற்றினால் தொய்யும், அடுப்பின் வெப்பத்துக்கு அருகில் வைக்கவும் யோசிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மாற்றாக, நம் ஊரில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு வழியைக் கடைகள் சொல்வதில்லை. மேடைக்குக் கீழே கொத்தனாரைக் கொண்டு கடப்பைக் கல்லில் தட்டுகளும் தடுப்புகளும் வைத்துவிட்டு, முன்பக்கம் கதவை மட்டும் ஆசாரியிடம் செய்துகொள்ளலாம். கறையான் அரிக்காது, நனைந்தால் உப்பாது. 26 கிலோ அரிசி மூட்டையையும் இட்லிக் குண்டானையும் அதன் மீது தயங்காமல் வைக்கலாம். இழுப்பறைகள் வேண்டிய ஓரிடத்தில் மட்டும் பலகைப் பெட்டியைச் செருகிக்கொள்ளலாம். பணம் இறுக்கமாக உள்ளவர்கள் மலிவான துகள் பலகைக்குப் போவதைவிட இதுவே மேல்.

மேடைக்குக் கறுப்பு கிரானைட்டே இன்னும் நல்ல தேர்வு. சூடான குக்கரை இறக்கி வைக்கலாம், மஞ்சள் கறையும் எளிதில் தெரியாது. செயற்கைக் குவார்ட்ஸ் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் அதிலுள்ள ரெசின் என்ற செயற்கைப் பிசின் கடும் சூட்டைத் தாங்காது, விலையும் கூடுதல்.

கீலுக்கும் இழுப்பறைத் தண்டவாளத்துக்கும் பணம் கொடுக்கலாம், ஏனென்றால் தினமும் அசைபவை அவை. ஆனால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அடுப்புக்குக் கீழே மூன்று நல்ல இழுப்பறைகள் போதும் என்ற வீட்டில், ஆளுயரக் கூடை அலமாரியும் மூலையில் சுழலும் தட்டுகளும் விலையை ஏற்றுவதற்காகவே வரைபடத்தில் இடம்பெறுகின்றன. கம்பிக் கூடைகளை வாங்குவதானால் 304 தரத் துருப்பிடிக்காத எஃகா என்று கேளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரும் கடற்காற்றும் உள்ள ஊர்களில் முலாம் பூசிய கூடை சீக்கிரம் துருவேறும். கதவுக்குப் பளபளக்கும் அக்ரிலிக் பூச்சைவிட, பலகை மேல் தாளாக ஒட்டும் சாதாரண லேமினேட் மலிவு. தாளிக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கும்போது கீறலும் அவ்வளவாகத் தெரியாது.

மதிப்பீடுகளை ஒப்பிடுதல்

மூன்று இடங்களில் மதிப்பீடு வாங்குங்கள். அவற்றில் ஒன்றாவது பொருளை நாமே வாங்கிக் கொடுத்து ஆசாரிக்குக் கூலி தரும் முறையில் இருக்கட்டும். அந்த முறையில் எத்தனை பலகை வாங்க வேண்டும் என்பதை நாமே சரிபார்க்கலாம், ஏனென்றால் 8 அடிக்கு 4 அடிப் பலகை ஒன்று 32 சதுர அடி. மூவரிடமும் ஒரே வரைபடத்தையும் ஒரே தரப் பட்டியலையும் கொடுத்தால் மட்டுமே ஒப்பிட முடியும். ஒருவர் 18 மில்லிமீட்டர் பலகைக்கும் மற்றவர் 16 மில்லிமீட்டர் பலகைக்கும் விலை சொல்லியிருந்தால் குறைந்த தொகைக்குப் பொருளில்லை. பெட்டியின் பின்பலகை, உள்பக்க லேமினேட், கால்கள், கைப்பிடிகள், ஏற்றிவரும் கூலி, வரி ஆகியவை சேர்ந்ததா, தனியா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றும் உங்கள் வரம்பைத் தாண்டினால் தரத்தைக் குறைக்காமல் அளவைக் குறையுங்கள். பரண் கதவுகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம், மேல் பெட்டிகளில் பாதியைத் திறந்த தட்டுகளாக விடலாம், சிம்னிக்கு இப்போது சுவரில் துளையும் பிளக்கும் மட்டும் வைத்துவிட்டு இயந்திரத்தைப் பிறகு வாங்கலாம்.

பணத்தைப் பகுதி பகுதியாகவே கொடுக்க வேண்டும். முன்பணம் பாதியைத் தாண்டக் கூடாது. பொருள் வீட்டுக்கு வந்து, பலகையின் முத்திரையைப் பார்த்த பிறகு அடுத்த தவணை. கடைசிப் பத்து சதவீதத்தை, சிங்க்கை விளிம்பு வரை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டுக் கீழே கசிவில்லை என்று கையால் தடவிப் பார்த்து, எல்லா இழுப்பறைகளையும் பாத்திரத்தோடு இழுத்து மூடி, ஒவ்வொரு பிளக்கிலும் மின்சாரம் வருவதை உறுதிசெய்த பிறகு கொடுத்தால் போதும்.