பழைய மில்லை வளாகமாக்கும்போது செய்யக் கூடாதவை

போன மாதம் ஒரு பழைய நூற்பாலையைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பல்கலைக்கழக வளாகமாக மாற்றும் வேலை. உள்ளே நுழைந்ததுமே ஈரச் சிமெண்ட் வாடை. இருபது வருடத்துக்கு முன் நான் அடித்த அதே கூத்தை இரண்டு இளம் பொறியாளர்கள் உற்சாகமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். அனுமதி, வரைபடம் போன்றவை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூச்சு

அந்தக் கால ஆலைச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். நிலத்து ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறும். அது கொண்டுவந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே பிளக்கும்.

அன்று நான் வளாகமாக மாற்றிய ஆலையில் இது இரண்டாவது மழைக்காலத்தில்தான் தெரிந்தது. வகுப்பறைச் சுவரில் பெயிண்ட் கொப்புளமாக எழும்பியிருந்தது. உளியால் தட்டினால் பூச்சு பலகை பலகையாகக் கழன்றது, அரை அங்குலச் செங்கல்லும் கூடவே வந்தது. உள்ளே கைவைத்தால் சிவப்பு மாவு. "அப்பவே சொன்னேனே சார், கடுக்காத் தண்ணி ஊத்திச் சுண்ணாம்பே பூசிடலாம்னு" என்றார் வயதான கொத்தனார். சொன்னார்தான். சுண்ணாம்பு காய நாளாகும், ஜூனில் அட்மிஷன் என்று அவர் வாயை அடைத்தவன் நான். இரண்டு மாதம் மிச்சம் பிடித்தேன். அப்புறம் பூச்சைக் கொத்தி, காகிதக் கூழ் அப்பி உப்பை உறிஞ்சி, செங்கல் மாற்றி முடிக்க ஒன்றரை வருடம்.

இதில் எனக்கு இன்றும் எரிச்சல், ஈரத்தைப் பார்த்ததும் 'வாட்டர்ப்ரூஃப்' அடிக்கச் சொல்கிறவர்கள்மேல். அது இன்னொரு மூடி, அவ்வளவுதான். முதலில் மழைநீர்க் குழாய் உடைந்திருக்கிறதா, வெளியே மண் மேடேறியிருக்கிறதா என்று பாருங்கள்.

லிஃப்ட்டுக்குக் குழி

தோண்டும் முன் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நூற்பாலைத் தரைக்கடியில் காற்றுச் சுரங்கங்கள் ஓடும். இஸ்தான்புல்லில் 1884இல் தொடங்கிய ஜிபாலி புகையிலை ஆலை 2002இல் காதிர் ஹாஸ் பல்கலைக்கழக வளாகமானது. அதன் அடியில் இருந்தது பைசாந்தியக் காலத் தண்ணீர்த் தொட்டி! இன்று அது அருங்காட்சியகம்.

ரம்பப்பல் கூரை

ரம்பப் பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும் ஆலைக் கூரையில், வடக்கு பார்த்த கண்ணாடியைத் தகரத்தால் மூடாதீர்கள். இழை பார்க்க வைத்த வெளிச்சம், எழுத்துக்கும் ஆகும்.

மாடியில் நூலகம்

இயந்திரம் நின்ற இடம்தானே என்று நம்பாதீர்கள். புத்தகங்களின் எடையைத் தளம் தாங்குமா என்று கணக்குப் போடுங்கள்.

புகைபோக்கி

இடிதாங்கியைப் பாருங்கள். அதிலிருந்து தரைக்கு இறங்கும் செம்புப் பட்டையை யாராவது எப்போதோ எடைக்குப் போட்டிருப்பார்கள்.