தத்தெடுத்த நாயை வீட்டோடு பழக்குவது: புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ ஒரு நாயைத் தத்தெடுத்து வருபவர்களில் பலர், முதல் நாளே அதற்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். வீடு முழுவதும் சுற்றிக் காட்டுகிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை அழைத்துத் தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள், வயிறு முட்டக் கறிச்சோறு வைக்கிறார்கள், மாலையில் கடற்கரைக்கும் கூட்டிப் போகிறார்கள். அத்தனையும் அன்பினால் செய்வதுதான். ஆனால் அதுவரை பழகிய வாசனை, ஆள், இடம் அனைத்தையும் ஒரே நாளில் இழந்துவிட்ட நாய்க்கு இவை எல்லாம் சேர்ந்து பெரும் சுமையாகிவிடுகின்றன. முதல் சில வாரங்களில் அதற்கு வேண்டியவை குறைவான இடம், குறைவான ஆட்கள், நாள்தோறும் மாறாத நேரங்கள் ஆகியவைதான்.

நாய்களை மீட்டு வளர்ப்பவர்களிடம் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு உண்டு. முதல் 3 நாள் மிரட்சி, 3 வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடுதல், 3 மாதத்தில் இது தன் வீடு என்ற தெளிவு. எல்லா நாய்களும் இந்தக் கணக்கின்படி நடப்பதில்லை என்றாலும், இரண்டாம் நாளே நாய் வாலாட்டவில்லை என்று மனம் தளர்பவர்களுக்கு இது நல்ல அளவுகோல்.

நாய் வருவதற்கு முன்பே அதற்கான இடத்தை முடிவு செய்துவிடுங்கள். ஆட்கள் நடமாடும் வழியில் இல்லாத, ஆனால் வீட்டாரின் பேச்சுக்குரல் எட்டுகிற ஒரு மூலை போதும். கூடத்தில் சோபாவுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட இடமோ, மாடிப்படிக்கு அடியில் உள்ள இடமோ, முற்றம் வைத்த பழைய வீடாக இருந்தால் தாழ்வாரத்தின் ஒரு கோடியோ பொருத்தமாக இருக்கும். வாசல் கேட்டை ஒட்டிய இடம் வேண்டாம். தெருவில் போகும் ஒவ்வொரு வண்டியையும் நாயையும் பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்கு உறக்கம் வராது, குரைப்பதுதான் பழக்கமாகும். மொட்டை மாடியில் தனியாகக் கட்டிப்போடுவது அதைவிடத் தவறு. காப்பகத்தில் அது படுத்திருந்த துணி கிடைத்தால் துவைக்காமல் அப்படியே கொண்டுவந்து விரியுங்கள். அந்த வாசனை ஒன்றுதான் அதற்குத் தெரிந்ததாக இருக்கும்.

நாட்டு நாய்களைத் தத்தெடுப்பவர்கள் தரையையும் கவனிக்க வேண்டும். மண்ணிலும் தார்ச்சாலையிலும் நடந்து பழகிய நாய்க்கு வழவழப்பான டைல்ஸ் தரையில் கால் வழுக்கும். நான்கு கால்களும் விரிந்து ஒருமுறை விழுந்துவிட்டால், பிறகு படுத்த இடத்தைவிட்டு எழவே தயங்கும். படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரையும், அங்கிருந்து வாசல் வரையும் பழைய கோணியையோ கயிற்றுப் பாயையோ விரித்துவைத்தால், இரண்டு மூன்று நாளில் அந்தப் பாதையில் தானாக நடக்கத் தொடங்கும். குக்கர் விசில், மிக்சி, பூஜை மணி, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி ஆகிய நாம் கவனிக்காத சத்தங்கள்கூட அதற்குப் புதியவை. மிக்சி ஓடத் தொடங்கியவுடனே ஒரு துண்டு வேகவைத்த கோழியைத் தூரத்திலிருந்து அதன் பக்கம் போட்டுப் பழக்கினால், அந்தச் சத்தத்தின் மீதுள்ள அச்சம் மெல்லக் குறையும்.

வீட்டுக்கு அழைத்துவரும் பயணம் ஆட்டோவிலோ காரிலோ இருக்கட்டும். பயந்த நாயை இரு சக்கர வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வருவது ஆபத்து. கழுத்துப்பட்டையோடு மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸும் போட்டு, இரண்டிலும் கயிற்றை மாட்டியிருங்கள். மிரண்ட நாய் பின்னோக்கி இழுத்தால், தளர்வான பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். தத்தெடுத்த நாய்கள் தொலைந்துபோகும் வாய்ப்பு முதல் சில நாட்களில்தான் மிக அதிகம், ஏனென்றால் திரும்பி வர அதற்கு இன்னும் வீடு தெரியாது. உங்கள் கைபேசி எண் பொறித்த வில்லை ஒன்று முதல் நாளிலிருந்தே அதன் கழுத்தில் இருக்க வேண்டும்.

வந்து சேர்ந்தபின் அதன் மூலையைக் காட்டிவிட்டு விலகி இருங்கள். நேருக்கு நேர் குனிந்து கண்ணைப் பார்ப்பதும், தலைக்கு மேலிருந்து கையை நீட்டுவதும் நாயின் பார்வையில் மிரட்டல். பக்கவாட்டில் தரையில் அமர்ந்து, செய்தித்தாளைப் படித்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ இருங்கள். அது வந்து முகர்ந்து பார்த்தால் தாடைக்கு அடியில் மட்டும் மெல்லத் தடவிவிட்டு நிறுத்துங்கள். உறக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொள்வது ஆகியவை எல்லாம் ‘போதும்’ என்று அது சொல்லும் விதங்கள். உறுமினால் அதட்டாதீர்கள். உறுமுவதற்கு அடி வாங்கிய நாய் அடுத்தமுறை உறுமாமல் நேராகக் கடித்துவிடக்கூடும். உறங்கும் நாயையும் உண்ணும் நாயையும் தொடக்கூடாது என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கு நாய் வருவதற்கு முன்பே சொல்லிவைப்பது பெரியவர்களின் பொறுப்பு.

உணவில்தான் நம் ஊர் வீடுகளில் அதிகம் தடுமாறுகிறோம். முதல் நாள் நாய் எதையும் தொடாமல் இருப்பது இயல்பு. இரண்டாம் நாளும் உண்ணாமல், தண்ணீரும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். குட்டியாக இருந்தால் அத்தனை நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. தெரு நாய்களில் பல, கடைவாசலில் யாரோ போடும் பிஸ்கட்டையும் பாலையும் உண்டே வளர்ந்தவை. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது என்பதால், அன்போடு வைக்கும் ஒரு கிண்ணம் பாலே வயிற்றுப்போக்குக்குக் காரணமாகிவிடும். முதல் வாரத்தில் குழைய வடித்த சோறும், உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து எலும்பு நீக்கிய கோழியும் போதுமானவை. கொஞ்சம் தயிர் ஒத்துக்கொண்டால் சேர்க்கலாம். கடைத்தீவனத்துக்கு மாற்றுவதானால் ஏழு நாளில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்ற வேண்டும். வெறும் சோறும் கறியும் காலம் முழுவதற்குமான நிறைவான உணவு ஆகாது என்பதால், பிறகு என்ன சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலோர ஊர்களில் மீன் மலிவாகக் கிடைக்கிறது, நாய்க்கும் நல்லதுதான். ஆனால் வேகவைத்து முள்ளை முழுவதும் கையால் நீக்கிய பிறகே போட வேண்டும். மீந்த மீன்குழம்புச் சோற்றைப் போடுவது இங்கே பழக்கமாக இருக்கிறது. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிப்பவை. ஒரு நாள் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்பதால் அது பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவையும் நஞ்சு. பாயசத்திலும் கேசரியிலும் உலர்திராட்சை கிடக்கும் என்பதைப் பண்டிகை நாட்களில் நினைவில் கொள்ளுங்கள். வேகவைத்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் குத்தும். காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரையை நாய்க்கு ஒருபோதும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

உணவு நேரம் ஒழுங்கானால், மலமும் சிறுநீரும் கழிக்கும் நேரமும் ஒழுங்காகும். வளர்ந்த நாய்க்குக் காலை, இரவு என இரு வேளையும் குட்டிக்கு மூன்று நான்கு வேளையும் வைத்து, கால் மணி நேரத்தில் பாத்திரத்தை எடுத்துவிடுங்கள். உண்டவுடன், உறங்கி எழுந்தவுடன், விளையாடி முடித்தவுடன் ஆகிய மூன்று வேளைகளிலும் ஒரே வழியாக ஒரே இடத்துக்கு அழைத்துப் போங்கள். கொல்லை இருந்தால் கொல்லையின் ஒரு மூலை, இல்லையென்றால் தெருவோர மண்தரை. அங்கே கழித்த அந்த நொடியிலேயே பாராட்டி ஒரு துண்டு தின்பண்டம் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குக் கொடுத்ததாகவே அது எடுத்துக்கொள்ளும். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் வீடுகளில், கோலத்துக்கு முன்பே நாயை வெளியே அழைத்துச் சென்று வந்துவிடுவது, நாய் வந்ததில் முழுச் சம்மதம் இல்லாத பெரியவர்களோடு தேவையற்ற மனத்தாங்கலைத் தவிர்க்கும். உள்ளே தவறிக் கழித்துவிட்டால் மூக்கைப் பிடித்துத் தேய்ப்பதோ அடிப்பதோ வேண்டாம். மறைவில் போய்க் கழிக்க மட்டுமே அது கற்றுக்கொள்ளும். அந்த இடத்தை நன்றாகக் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தால் வாசனை குறையும். அமோனியா உள்ள திரவத்தால் துடைத்தால் நாயின் மூக்குக்கு அது சிறுநீர் வாசனையாகவே தோன்றி, மீண்டும் அதே இடத்துக்கு வரும். தெருவில் கழித்ததை ஒரு காகிதத்தில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். தெருக்காரர்கள் உங்கள் நாயை ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

வந்த ஒரு வாரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். புதுச்சேரியில் குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அரசுக் கால்நடை மருத்துவமனைகளும் உண்டு. குடற்புழு நீக்க மருந்து எடைக்கேற்பத் தர வேண்டும். குட்டிகளுக்குப் பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடப்படும். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி மூன்று மாதத்தில் தொடங்கி, பிறகு மருத்துவர் சொல்லும் முறையில், பெரும்பாலும் ஆண்டுதோறும். வளர்ந்த நாயின் பழைய விவரம் தெரியவில்லை என்றால், எதுவும் போடவில்லை என்று வைத்துக்கொண்டே தொடங்குவார்கள். காதின் ஓரம் சிறிது வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை முடிந்த நாய் என்று பொருள். தடுப்பூசி முடியாத குட்டியை மற்ற நாய்கள் கழிக்கும் தெருவோரங்களில் இறக்கிவிடாதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாய் யாரையாவது கடித்தாலோ பல்லால் கீறினாலோ, காயம் சிறியது என்று விட்டுவிடாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தக் கடலோர வெப்பத்தில் உண்ணிக்கு ஓய்வு இல்லை. காதுமடலின் உள்மடிப்பு, விரல்களுக்கு இடைப்பட்ட தோல், கழுத்துப்பட்டைக்கு அடியில் என ஒவ்வொரு நாள் மாலையும் விரலால் தடவிப் பாருங்கள். எள் அளவில் கபில நிறமாக ஊர்ந்தால் இளசு. சாம்பல் நிறத்தில் உப்பிக் கொட்டைமுத்துப் போல ஒட்டிக்கொண்டிருந்தால் இரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். நகத்தால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது, அது தோலைப் பொசுக்கிவிடும். நாய் திடீரென்று உணவை மறுத்து, உடல் சுட்டு, ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும், காலத்தோடு பார்த்தால் பெரும்பாலும் குணமாகும்.

தெருவில் நடக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும் என்று நான் வலியுறுத்தக் காரணம், நம் தெருக்கள் ஒவ்வொன்றுக்கும் அதற்கான நாய்க்கூட்டம் இருப்பதுதான். ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த முனை வரை அவற்றின் எல்லை. உங்கள் நாய் அவற்றுக்கு அந்நியன். முதல் இரண்டு வாரம் உங்கள் வீட்டிலிருந்து நான்கைந்து வீடு தாண்டாமல், விடியற்காலையிலோ பிற்பகல் வெயில் தணிந்த பிறகோ போய் வாருங்கள். தெரு நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாமல், கயிற்றை இறுக்காமல், அவற்றுக்கும் உங்கள் நாய்க்கும் இடையில் நீங்கள் நின்று, பக்கவாட்டில் மெல்ல விலகித் திரும்பிவிடுங்கள். கயிறு இறுகினால் ஆபத்து வந்துவிட்டதாக உங்கள் நாய் எடுத்துக்கொண்டு அதுவும் பாயும். அந்தத் தெரு நாய்களுக்கு உணவு வைப்பவர் யாரென்று தெரிந்துகொண்டு அவரோடு பழகுங்கள். அவர் உடனிருக்கும்போது கயிற்றில் பிடித்தபடி தூரத்தில் உங்கள் நாயைப் பலமுறை காட்டிவந்தால், எதிர்ப்பு பெரும்பாலும் தணிந்துவிடும்.

கடற்கரைக்கு அவசரம் வேண்டாம். தேவனாம்பட்டினத்து வெள்ளி கடற்கரையோ புதுச்சேரி கடற்கரைச் சாலையோ, ஞாயிறு மாலைக் கூட்டம் புதிய நாய்க்கு ஏற்றதல்ல; மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு வாரநாளின் அதிகாலையில் தொடங்குங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால், அந்தத் தரையில் நாயின் பாதமும் பொசுங்கும்.

தனியாக இருக்கப் பழக்குவதையும் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். விடுப்பு எடுத்துக்கொண்டு பத்து நாள் கூடவே இருந்துவிட்டு, பதினோராம் நாள் காலை முதல் மாலை வரை பூட்டிவிட்டுப் போனால், அது கதவைப் பிராண்டி ஊளையிடுவதில் வியப்பில்லை. குப்பை கொட்டப் போகும் நேரம், கடைக்குப் போகும் நேரம் என நிமிடங்களில் தொடங்கி, போகும்போது கொஞ்சலும் திரும்பும்போது ஆர்ப்பாட்டமும் இல்லாமல் பழக்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வரும் மழைக்கும் பட்டாசுக்கும் முன்னதாகவே ஆயத்தம் வேண்டும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நகரின் தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. நாயைக் கட்டிப்போட்டுவிட்டு யாரும் வெளியேறக் கூடாது. தடுப்பூசி அட்டையும் கயிறும் இரண்டு நாள் உணவும் ஒரு பையில் தயாராக இருக்கட்டும். தேங்கிய நீரில் எலிச்சிறுநீர் கலந்திருக்கும் என்பதால் அதில் நாயை நடத்தவோ, அதைக் குடிக்கவிடவோ கூடாது. எலிக்காய்ச்சல் நாயிடமிருந்து வீட்டாருக்கும் பரவும். தீபாவளி நாட்களில் இருட்டுவதற்கு முன்பே வெளியே அழைத்துச் சென்று வந்து, ஜன்னல்களை அடைத்து, மின்விசிறியையும் டி.வி.யையும் ஓடவிட்டு, அதன் மூலையிலேயே இருக்கவிடுங்கள். அது உங்களை ஒட்டி வந்து படுத்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம், அதனால் அதன் பயம் அதிகமாகிவிடாது. மிகவும் மிரளும் நாயாக இருந்தால் பதற்றம் தணிக்கும் மருந்து பற்றி மருத்துவரிடம் இரண்டு வாரம் முன்பே பேசி, முன்கூட்டி ஒருமுறை கொடுத்துப் பார்த்து அளவை உறுதி செய்துகொள்ளுங்கள்; பண்டிகை அன்று மருந்தகம் திறந்திருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.