எம்ஜிபி காரின் முன் சஸ்பென்ஷனைப் பிரித்துப் புதுப்பிப்பது எப்படி

ஸ்டியரிங் கனமாக இருக்கிறது, வளைவில் திருப்பி விட்டால் தானாக நேராக வருவதில்லை. எம்ஜிபி என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் நான் அதிகம் கேட்கும் குறை இதுதான், இதற்குப் பெரும்பாலும் கிரீஸ் பார்க்காத கிங்பின், அதாவது முன் சக்கரம் திரும்ப அச்சாக நிற்கும் கம்பிதான் காரணம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் செய்த கார் இது, ஆனால் முன்பக்க அமைப்பு அதற்கும் முந்தைய காலத்தைச் சேர்ந்தது. பால் ஜாயின்ட் கிடையாது, கிங்பின் உண்டு. தனியாக மேல் விஷ்போன் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கவை வடிவக் கை) கிடையாது, லீவர் டேம்பரின் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் பழைய வகை ஷாக் அப்சார்பரின்) இரண்டு கைகளே அந்த வேலையைச் செய்கின்றன. அதாவது ஸ்பிரிங்கை மேலிருந்து பிடித்து வைத்திருப்பதே டேம்பர்தான், அதனால் ஸ்பிரிங் வெளியே வருவதற்கு முன் டேம்பரின் நான்கு போல்ட்டில் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள்.

பிரிப்பதற்கு முன் எது தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பாருங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங், நிற்காமல் இருந்தால் கிங்பின் அல்லது அதன் மேல், கீழ் மூட்டுகள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பேரிங்கை மாற்றிப் பணத்தை வீணாக்கியவர்கள் நிறைய.

சரி, வேலைக்கு வருவோம். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து காரை நிறுத்துங்கள், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கை விட வேண்டாம். சக்கரம், பிரேக் காலிப்பர், ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பிரேக் டிஸ்க்கும் என்று வரிசையாகக் கழற்றலாம். காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டித் தூக்கி வையுங்கள். ஹப்பைக் கழற்றும்போது உள்ளே ஷிம்கள் என்ற மெல்லிய வளையத் தகடுகள் இருக்கும், அவற்றை எந்தப் பக்கம் எடுத்தோம் என்று எழுதி தனித்தனி டப்பாவில் போட்டு வையுங்கள். ஸ்டியரிங் கையிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டிராக் ராடையும், ஆன்டி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இருந்தால் அதன் இணைப்பையும் விடுவித்துவிடுங்கள்.

இப்போது ஸ்பிரிங். இந்த வேலையிலேயே ஆளைக் காயப்படுத்தக்கூடிய இடம் இதுதான், அவசரப்படக் கூடாது. ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் தட்டுக்கு அடியில் நல்ல டிராலி ஜாக்கை வைத்து, டேம்பரின் கை அதன் ரப்பர் தடுப்பிலிருந்து எழும்பும் வரை தூக்குங்கள். அப்புறம் மேல் மூட்டில் நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னையும் நட்டையும் எடுத்து, டேம்பர் கைகளுக்கு நடுவே போகும் நீள போல்ட்டை உருவுங்கள். ஹப் உட்காரும் ஸ்டப் ஆக்சில் வெளிப்பக்கமாகச் சாயும், அதைக் கையால் தாங்கிக்கொண்டு ஜாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் ஸ்பிரிங் முழுவதும் விரிந்து கையோடு வந்துவிடும். உங்கள் முகமும் காலும் ஸ்பிரிங்குக்கு நேராக இருக்கக் கூடாது. ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும்: இது எஞ்சின் காரில் இருக்கும்போது மட்டும்தான் செய்யும் முறை. எஞ்சினை இறக்கியிருந்தால் முன்பக்கத்தில் எடை இருக்காது, ஜாக்கைத் தூக்கினால் ஸ்பிரிங் அமுங்காமல் காரே ஸ்டாண்டிலிருந்து எழும்பும். அப்போது தட்டின் போல்ட்டுகளில் எதிரெதிரான இரண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கெட்டியான நீள திரெட் ராடுகளை நட்டோடு போட்டு, மாற்றி மாற்றித் தளர்த்தித் தட்டை இறக்க வேண்டும்.

கீழே விஷ்போனையும் கிங்பின்னையும் சேர்க்கும் போல்ட்தான் பொறுமையைச் சோதிக்கும். உள்ளே ஒரு இரும்புக் குழாய், இரண்டு பக்கமும் வாஷரும் சீலும் இருக்கும். குளிர்காலத்தில் உப்பு தூவிய சாலையில் ஓடிய கார்களில் போல்ட்டும் குழாயும் துருப்பிடித்து ஒன்றாகிவிடும். நான் கடைசியாகப் பிரித்த காரில் இரண்டு நாள் துருவை இளக்கும் எண்ணெய் ஊற்றி, சூடு காட்டி, அடித்தும் அசையவில்லை, கடைசியில் ஹாக்ஸா பிளேடை விஷ்போனுக்கும் கிங்பின்னுக்கும் நடுவே விட்டு இரண்டு பக்கமும் அறுத்துத்தான் எடுத்தேன். எப்படியும் அந்த போல்ட் புதிதாகத்தான் போடப்போகிறோம், அதனால் அறுக்கத் தயங்க வேண்டாம். விஷ்போனில் போல்ட் போகும் ஓட்டையைப் பாருங்கள். முட்டை வடிவில் நீண்டிருந்தால் விஷ்போனையும் மாற்றுங்கள், புது போல்ட் அதில் நிற்காது.

கிங்பின் புஷ்ஷை (கிங்பின் சுழலும் உலோக உறை) வீட்டில் மாற்ற நான் சொல்ல மாட்டேன். பழையதைத் தட்டி எடுப்பதும் புதியதை அழுத்துவதும் எளிது, ஆனால் மேல் கீழ் இரண்டு புஷ்ஷையும் ஒரே நேர்க்கோட்டில் ரீமர் (ஓட்டையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) போட வேண்டும், அதற்கென்றே செய்த நீள ரீமர் இல்லாமல் அது நடக்காது. லேத் பட்டறையில் கொடுங்கள், அல்லது புதுப்பித்த ஜோடியாக வாங்குங்கள். வாங்கியதையும் அப்படியே மாட்டாதீர்கள். நான் ஒருமுறை வாங்கியதில் ஒரு பக்கம் கையால் திருப்ப முடியாத அளவு இறுக்கமாக இருந்தது. கிரீஸ் போட்டதும், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எங்கும் சிக்காமல் ஒரே சீராகத் திரும்ப வேண்டும், மேலும் கீழும் தூக்கினால் ஆட்டம் தெரியக் கூடாது. அந்த ஆட்டத்தை வெவ்வேறு தடிமன் உள்ள வாஷரை மாற்றிச் சரிசெய்யலாம்.

விஷ்போனின் உள்பக்க ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாக, 1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8 காரின் புஷ்ஷைப் போடுவது நல்ல மாற்றம். இரும்புச் சட்டையோடு ஒரே துண்டாக வரும், நீண்ட நாள் உழைக்கும். ரப்பரில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது, சோப்புத் தண்ணீர் தடவி மாட்டுங்கள். ஸ்பிரிங் மாற்றுவதென்றால் ஜோடியாக மாற்றுங்கள், எந்த வருடத்துக் கார் என்று சொல்லியே வாங்குங்கள், 1974 கடைசியிலிருந்து வந்த ரப்பர் பம்பர் கார்கள் உயரம் கூடியவை. டேம்பரை நிமிர்த்திப் பிடித்து அதன் கையை முழுத் தூரமும் அசைத்துப் பாருங்கள். நடுவில் எங்காவது எதிர்ப்பில்லாமல் விழுந்தால் எண்ணெய் குறைவு அல்லது உள்ளே காற்று, எண்ணெய் ஊற்றிய பிறகும் அப்படியே இருந்தால் டேம்பர் தேய்ந்துவிட்டது.

மாட்டுவது இதே வரிசையைத் திருப்பிச் செய்வதுதான். உள்பக்க புஷ் நட்டை மட்டும் இப்போது இறுக்க வேண்டாம், காரைத் தரையில் இறக்கி எடை விழுந்த பிறகு இறுக்குங்கள், இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். ஹப் நட்டை 40 முதல் 70 பவுண்டு-அடி வரை இறுக்கிய நிலையில், ஹப்பில் 0.002 முதல் 0.004 அங்குலம் வரை ஆட்டம் இருக்க வேண்டும், டயல் கேஜ் வைத்து அளந்து ஷிம்மைக் கூட்டியோ குறைத்தோ அதைக் கொண்டு வாருங்கள். ஷிம்மை எடுத்துவிட்டு நட்டைத் தளர்த்தி சமாளிப்பது ஆபத்து. ஸ்பிளிட் பின் எல்லாமே புதிது.

கடைசியாக டிராக்கிங், சக்கரங்கள் முன்னால் 1/16 முதல் 3/32 அங்குலம் உள்நோக்கி இருக்க வேண்டும். காஸ்டரும் (கிங்பின் முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு) கேம்பரும் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் அளவு) திருப்பிச் சரிசெய்யும் அமைப்பு இந்தக் காரில் கிடையாது. கிரீஸ் அடிக்கும் முனையான நிப்பிள் பக்கத்துக்கு மூன்று, சக்கரத்தைத் தூக்கி எடை இல்லாமல் வைத்து, புது கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வரும் வரை அடியுங்கள். 3000 மைலுக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்யுங்கள், ஒரு நிப்பிளில் கிரீஸ் ஏறவில்லை என்றால் அதை மாற்றிவிட்டு அடியுங்கள், விட்டுவிட்டுப் போக வேண்டாம்.