மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“இதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட போறது?” பெரும்பாலான தாமதம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. வேலை போனது, உறவு முறிந்தது என்று காரணம் தெரிந்துவிட்டால் சிகிச்சை வேண்டாம், தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். காரணம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். தூக்கம், பசி, வேலை, குளியல், பேச்சு எல்லாம் எத்தனை நாளாகக் கெட்டிருக்கின்றன என்று பாருங்கள். மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரமாக, நாளின் பெரும்பகுதி நீடித்து அன்றாடத்தைக் குலைத்தால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

சிலவற்றுக்கு அந்த இரண்டு வாரமும் கிடையாது. சாக வேண்டும் என்ற எண்ணம், யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, பிரசவமான சில நாட்களில் தாய் தூங்காமல் கோர்வையின்றிப் பேசுவது ஆகியவற்றுக்கு அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். “தற்கொலை எண்ணம் வருதா?” என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தயங்காமல் கேளுங்கள்.

முதல் சந்திப்பில் “மனசு சரியில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது அடுத்த தவறு. “பத்தரைக்குப் படுத்தால் ஒரு மணிக்குத்தான் தூக்கம் வருகிறது, நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, ஒரு மாதமாக இப்படித்தான்” என்று சொன்னால் மருத்துவருக்குப் பிடி கிடைக்கும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எது நின்றுபோனது, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் அளவோடு, குடிப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா. மதுவை மறைப்பது ஆபத்து; சில மாத்திரைகள் அதோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும்.

பலரும் சொல்ல மறப்பது நல்ல காலத்தைத்தான். முன்பு எப்போதாவது பல நாட்கள் மூன்று மணி நேரத் தூக்கத்திலேயே களைப்பில்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, பணத்தை வாரி இறைத்துத் திரிந்தது உண்டா? இது இருதுருவக் கோளாறின், அதாவது அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோயின், அடையாளமாக இருக்கலாம். அது தெரியாமல் மனச்சோர்வுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மனம் மறுபக்கம் எகிறக்கூடும். கூடவே இருந்து பார்த்த ஒருவரை அழைத்துப் போகச் சொல்வது இதற்காகத்தான். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் மனச்சோர்வு போலவே தெரியும் என்பதால், ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தால் தட்டிக்கழிக்காதீர்கள்.

மருந்து விஷயத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். மனச்சோர்வு மாத்திரையின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டலும் தலைவலியும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். தொல்லை முந்திக்கொள்வதால் “ஒத்துக்கல” என்று ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். படபடப்பு மிகுந்தாலோ சாகும் எண்ணம் வந்தாலோ அன்றே சொல்லுங்கள். குணமான பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடர வேண்டும். பிறகு மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு வரும், நோயும் திரும்பலாம்.

மருத்துவரைப் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். பழைய மருந்துச்சீட்டுகளையும், எந்த மாத்திரையை எத்தனை வாரம், எந்த அளவில் சாப்பிட்டீர்கள் என்ற குறிப்பையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். புதியவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.