கணக்கு ஆப்பில் சந்தேகம் கேட்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் பிள்ளைகளை ராத்திரி டியூஷனுக்கு அனுப்பவே மனசு வராது. கேட்ட நேரத்தில் வாத்தியாரைப் பிடித்துத் தரும் கணக்கு ஆப்கள் அப்போது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் கேட்கிற விதத்தில்தான் பலன்.

வெறும் கேள்வியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். முதலில் நோட்டில் போட்டுப் பார்த்து, நின்றுபோன வரிவரை சேர்த்து அனுப்புங்கள். பத்தாம் வகுப்பு இடைக்கண்டக் கணக்கையே (கூம்பின் நுனியை வெட்டியபின் மிஞ்சும் வாளி போன்ற வடிவம்) பாருங்கள். கன அளவுக்கு உயரம் வேண்டும், வளைபரப்புக்குச் சாயுயரம், அதாவது சரிந்த பக்கத்தின் நீளம் வேண்டும். கேள்வியில் சாயுயரம் கொடுத்திருந்தால் அதையே உயரமாகப் போட்டுவிடுவது சகஜம். உங்கள் வரிகளைப் பார்த்தால் வாத்தியாருக்கு அது சட்டென்று பிடிபடும். விடையை மட்டும் வாங்கிக்கொண்டால் அடுத்த கணக்கிலும் அதே தப்புதான்.

தமிழ்வழி மாணவர் என்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், பாடப்புத்தகப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். சிக்னல் மந்தமா? வீடியோவை அணைத்துவிடலாம், குரலும் எழுதிக்காட்டும் பலகையும் போதும். அப்புறம், ஆண்டுச் சந்தா வேண்டாம். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, பரீட்சை நெருங்கும் ராத்திரிகளில் ஆள் கிடைக்கிறாரா என்று பாருங்கள்.