கீகேப்பை உடைக்காமல் கழற்றும் முறை

கீபோர்டின் விசையில் விரல் படும் பிளாஸ்டிக் மூடிதான் கீகேப். அதன் அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிட்டால், அதைக் கழற்றும் வேலையில் பாதி முடிந்த மாதிரிதான். ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டுகளில், இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை, ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்.எக்ஸ். ஸ்விட்சையோ, அதே வடிவத்தைப் பின்பற்றும் கேட்டரான், கைல், அவுடெமு போன்ற ஸ்விட்சுகளையோ கொண்டவை. இவற்றின் நடுவில் கூட்டல் குறி வடிவில், குறுக்கும் நெடுக்கும் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் தண்டு ஒன்று நிமிர்ந்து நிற்கும். கீகேப்பின் அடியில், அதே வடிவத்தில் துளையுள்ள சிறு குழாய் ஒன்று இருக்கும். தண்டின்மேல் அந்தக் குழாய் இறுக்கமாகச் செருகிக்கொள்கிறது, அவ்வளவுதான். கொக்கியும் இல்லை, திருகும் இல்லை, பசையும் இல்லை. உராய்வு ஒன்றே கீகேப்பைப் பிடித்துவைத்திருக்கிறது.

ஆகையால் நேர் மேல்நோக்கி இழுத்தால், அது இறுக்கமாக இருந்தாலும் பெரும்பாலும் எதையும் உடைக்காமல் வந்துவிடும். ஒரு பக்கத்தில் எதையாவது நுழைத்து நெம்பினால் நிலைமை வேறு. கீகேப்பின் விளிம்பு நெம்புகோலாக மாறி, முழு அழுத்தமும் குழாயின் அடியில், அது கீகேப்போடு ஒட்டும் மெல்லிய வளையத்தில் போய் விழுகிறது. நெம்பிக் கழற்றிய கீகேப்பைத் திருப்பிப் பார்த்தால், குழாயின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். பிளாஸ்டிக் வளைந்து களைத்த தடம் அது. அன்றைக்கு உடையாவிட்டாலும், அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ குழாய் அந்த இடத்தில்தான் பிளக்கும்.

இங்கே சொல்லப்போவது எம்.எக்ஸ். வகைக் கீபோர்டுகளுக்கே பொருந்தும். மடிக்கணினியின் விசைகள் கத்தரிக்கோல் போல மடியும் மெல்லிய பிளாஸ்டிக் சட்டங்களின்மேல் கொக்கியிட்டு நிற்பவை. அவற்றை மேல்நோக்கி இழுத்தால் கொக்கி முறிந்துவிடும். உயரம் குறைந்த ‘லோ ப்ரொஃபைல்’ கீபோர்டுகள் சிலவற்றில் தண்டின் இடத்தில் இரண்டு மெல்லிய கால்கள் இருக்கும்; அவை இன்னும் எளிதில் முறிபவை. பழைய ஆல்ப்ஸ் வகை ஸ்விட்சுகளில் பிடிப்பு மிக இறுக்கமாக இருப்பதால், கீகேப்போடு ஸ்விட்சின் மேல்மூடியும் திறந்துகொண்டு வந்து, உள்ளிருக்கும் சுருள்வில் தெறித்துப் போவதுண்டு. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால், விசை ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு பக்கத்து விசையின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். எம்.எக்ஸ். வகையாக இருந்தால் கூட்டல் குறித் தண்டின் விளிம்பு கண்ணுக்குப் படும்.

தொடங்குமுன் யூ.எஸ்.பி. வயரைப் பிடுங்கிவிட வேண்டும். வயர் இல்லாத கீபோர்டாக இருந்தால், அதன் பின்புறமோ பக்கவாட்டிலோ உள்ள பவர் ஸ்விட்சை அணைக்க வேண்டும். மின்சாரம் தாக்கிவிடும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை; திறந்திருந்த மின்னஞ்சலைப் பாதி வாக்கியத்தில், பொருளற்ற எழுத்துகளோடு அலுவலக மேலாளருக்கு அனுப்பிவைத்தவர்களை நான் அறிவேன்.

அடுத்ததாக, கீபோர்டை நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் இருக்கும் இடம் மனப்பாடம்தானே என்று தோன்றும். எழுத்துகளில் குழப்பம் வராது. வலது ஓரத்திலும் கீழ் வரிசையிலும்தான் குழப்பம் வரும். 87 விசைகள் கொண்ட கீபோர்டில் பிரின்ட் ஸ்க்ரீன், ஸ்க்ரோல் லாக், பாஸ் மூன்றும் எந்த வரிசையில் இருந்தன என்பதைப் படம் இல்லாமல் சொல்லக்கூடியவர் குறைவு. மேலும், பெரும்பாலான கீகேப் தொகுதிகளில் ஒவ்வொரு வரிசைக்கும் உயரமும் சாய்வும் வேறு. எண் வரிசையின் கீகேப்பை எழுத்து வரிசையில் பொருத்தினால் அது உட்கார்ந்துவிடும். ஆனால் விரலுக்கு ஒரு பல் துருத்திக்கொண்டிருப்பது போலத் தெரியும். எனவே கழற்றக் கழற்ற, வரிசை வரிசையாகத் தனித்தனிக் கிண்ணங்களில் போட்டு வைப்பது நல்லது.

கருவியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கீபோர்டின் பெட்டிக்குள் பெரும்பாலும் வட்ட வளையம் போன்ற ஒரு பிளாஸ்டிக் இடுக்கி இருக்கும். அதன் இரு நகங்களும் கீகேப்பின் பக்கங்களை உரசிக்கொண்டே கீழே இறங்குவதால், கறுப்புக் கீகேப்புகளில் கீறல் நிச்சயம் விழும். பக்கத்து விசைகளையும் அது விட்டுவைக்காது. அவசரத்துக்கு அதைப் பயன்படுத்தலாம் என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. கைப்பிடியிலிருந்து இரண்டு கம்பி வளைவுகள் தொங்கும் கம்பிப் புல்லரே சிறந்தது. விலையும் அதிகமில்லை. கம்பி மெல்லியது என்பதால் கீகேப்புகளுக்கு இடையிலான குறுகிய இடைவெளியில் சுலபமாக இறங்கும்; அடியில் போய்ப் பிடிப்பதால் பக்கங்கள் கீறப்படுவதும் குறைவு.

புல்லரே கைவசம் இல்லையென்றால், பெரிய ஜெம் கிளிப் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் நிமிர்த்தி, ஒரு முனையில் அரை சென்டிமீட்டர் நீளத்துக்குச் செங்கோணமாக ஒரு கொக்கி வளைத்துக்கொள்ளலாம். கம்பியை வெட்டிய முனை கூராக இருக்கும் என்பதால் அதன்மேல் ஒரு சுற்று செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் கொக்கிகளை இறக்கி, கால் வட்டம் திருப்பி, இரண்டையும் ஒரே நேரத்தில் சம பலத்தோடு மேலே தூக்க வேண்டும். ஒரு கையை மட்டும் தூக்கினால் அது நெம்புவதாகிவிடும். ஸ்க்ரூடிரைவர், வெண்ணெய்க் கத்தி, டீஸ்பூன் ஆகியவை வீட்டில் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால்தான் அவற்றைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அவை மூன்றும் ஒரு பக்கத்திலிருந்தே வேலை செய்பவை.

முதல் முயற்சியை யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக் விசையில் தொடங்குங்கள். புல்லரின் இரு கம்பிகளையும் சற்று விரித்து, கீகேப்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, அவை விளிம்புக்குக் கீழே போகும்வரை அழுத்துங்கள். பிறகு கைப்பிடியைச் சிறிது திருகினால், கம்பிகள் எதிரெதிர் மூலைகளின் அடியில் போய் உட்காரும். அந்த நிலையில் கைப்பிடி கீபோர்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். மற்றொரு கையால் கீபோர்டின் சட்டத்தை மேசையோடு அழுத்திக்கொண்டு, வெடுக்கென்று இழுக்காமல், இழுக்கும் பலத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஒரு கணம் எதுவும் நகராதது போலிருக்கும். அதன்பின் ‘டப்’ என்ற சிறு சத்தத்தோடு கீகேப் கையோடு வரும். பிடிவாதம் பிடித்தால், இழுத்த நிலையிலேயே மிக மிகச் சிறிய அளவில் முன்னும் பின்னும் அசைத்துக் கொடுக்கலாம். அசைவு கண்ணுக்குத் தெரியுமளவு இருந்தால் அது அதிகம். பழகிவிட்டால், ஒவ்வொன்றாக எடுத்து வைக்காமல், கம்பிகளுக்குள் மூன்று நான்கு கீகேப்புகளை அடுக்கிக்கொண்டே போகலாம்.

ஸ்விட்சைக் கழற்றி மாற்றும் வசதியுள்ள ‘ஹாட் ஸ்வாப்’ கீபோர்டுகளில் சில சமயம் கீகேப்போடு ஸ்விட்சும் சேர்ந்து மேலே வந்துவிடும். பதற வேண்டியதில்லை. இரண்டையும் கையில் வைத்துப் பிரித்தபின், ஸ்விட்சின் அடியில் உள்ள இரண்டு உலோகக் கால்களும் நேராக உள்ளனவா என்று பாருங்கள். வளைந்திருந்தால் ட்வீசரால் நிமிர்த்தி, துளைக்கு நேராகப் பிடித்து, செங்குத்தாக அழுத்துங்கள். கால் மடங்கிய நிலையில் அழுத்தினால் அந்த விசை இயங்காது. ஸ்விட்சுகள் சால்டர் செய்யப்பட்ட கீபோர்டில் ஸ்விட்ச் அசைவதாகத் தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். மேலும் இழுத்தால் உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டின் செம்புப் பூச்சு பெயர்ந்துவிடும், அதைச் சரிசெய்வது பெரிய வேலை.

இனி நீளமான விசைகள். ஸ்பேஸ் பார், என்டர், பேக்ஸ்பேஸ், இரண்டு ஷிஃப்ட், நம்பர் பேட் இருந்தால் அதிலுள்ள பூஜ்யம், கூட்டல், என்டர் ஆகியவற்றின் அடியில் ஸ்விட்சோடு ஸ்டெபிலைசர் என்ற அமைப்பும் இருக்கும். ஒரு முனையில் அழுத்தினாலும் விசை முழுவதும் ஒரே மட்டத்தில் இறங்குவதற்காக, இரு ஓரங்களையும் ஒரு வளைந்த எஃகுக் கம்பி இணைக்கிறது. வழக்கமான ஸ்பேஸ் பாரின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். நடுவில் ஸ்விட்சும், இரு பக்கங்களிலும் ஸ்டெபிலைசரின் தண்டுகளுமாக மூன்று இடங்களில் அது பிடித்துக்கொண்டிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் கீபோர்டில் தேநீர் கொட்டிவிட்டது. மேலே சொன்ன டீஸ்பூனைக் கொண்டு ஸ்பேஸ் பாரின் இடது முனையைத் தூக்கியவன் நான்தான். இடது முனை வந்தது, வலது முனை வரவில்லை, கம்பி அதன் பிடியிலிருந்து நழுவிப் பிளாஸ்டிக் பல்லை முறித்துக்கொண்டு வெளியே வந்தது. அந்தக் கீபோர்டில் அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு ‘கடகட’ கேட்டுக்கொண்டே இருந்தது.

அதனால் ஸ்பேஸ் பாரைக் கடைசியில் எடுங்கள். முதலில் அதன் இரு பக்கத்து ஆல்ட் விசைகளையும் மேல் வரிசையின் எழுத்து விசைகளையும் எடுத்துவிட்டால் கையும் கண்ணும் நுழைய இடம் கிடைக்கும். புல்லரை நடு ஸ்விட்சுக்கு நேராக மாட்டி ஓரிரு மில்லிமீட்டர் தூக்குங்கள். பின்பு இடது ஸ்டெபிலைசருக்கு அருகில் அதே அளவு, வலதுக்கு அருகில் அதே அளவு என மாறி மாறித் தூக்குங்கள். இரண்டு புல்லர்கள் இருந்தால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் தூக்கலாம். அது இன்னும் நல்லது.

செர்ரி வகை ஸ்டெபிலைசரில் கீகேப் மட்டும் வந்துவிடும், கம்பி கீபோர்டிலேயே தங்கும். காஸ்டார் வகை என்ற மற்றொன்றில், கம்பியின் முனைகள் கீகேப்பின் அடியில் செருகிய சிறு பிளாஸ்டிக் துண்டுகளுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த வகையில் நடு ஸ்விட்சிலிருந்து விடுபட்ட பிறகும் கீகேப் முழுதாக வராமல் ஏதோ பிடித்து இழுப்பது போலிருக்கும். அங்கேதான் பலர் கூடுதல் பலத்தைக் காட்டுகிறார்கள். காட்டக் கூடாது. கீகேப்பை மெல்லச் சாய்த்து அடியில் பார்த்து, கம்பியின் முனையை அந்தத் துண்டிலிருந்து ட்வீசரால் வழுக்கி விடுவிக்க வேண்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தும் குழாய் முறிந்து தண்டிலேயே மாட்டிக்கொண்டால், மெல்லிய ட்வீசரால் அதன் விளிம்பைப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். உடைந்த குழாயைக் கீகேப்போடு சூப்பர் க்ளூ கொண்டு ஒட்டலாம். ஆனால் ஒட்டியதை முழுதாகக் காயவிட்ட பிறகே ஸ்விட்சில் பொருத்த வேண்டும். ஸ்விட்சின்மேல் வைத்தே ஒட்ட முயன்றால், வழியும் ஒரு துளி பசை போதும், அந்த விசை நிரந்தரமாக இறுகிவிடும். எல்லா விரிசலுக்கும் கழற்றியவரே காரணம் என்றும் சொல்ல முடியாது. 2018-இல் கைல் நிறுவனத்தின் பாக்ஸ் வகை ஸ்விட்சுகளில் தண்டு சற்றே பருமனாக அமைந்து, விலையுயர்ந்த கீகேப்புகளின் குழாய்கள் பொருத்திய நிலையிலேயே விரிசல் விட்டதும், பின்னர் அந்த நிறுவனம் வார்ப்பச்சைத் திருத்தியதும் கீபோர்டு ஆர்வலர்களிடையே பெரிய பேச்சாக இருந்தன.

கழற்றியவற்றைக் கழுவ, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகள் போதும். கொதிநீர் வேண்டாம், நீளமான கீகேப்புகள் வளைந்துவிடும். நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் கூடவே கூடாது, பல கீகேப்புகள் செய்யப்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். காயவைக்க மொட்டை மாடி வெயிலும் ஏற்றதல்ல, வெளிர் நிற ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் புற ஊதாக் கதிரால் மஞ்சளாகும். நிழலில், துணியின்மேல், குழாய் கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். குழாய்க்குள் தங்கும் ஒரு சொட்டு நீர் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. அது நேராக ஸ்விட்சுக்குள்தான் இறங்கும்.

திரும்பப் பொருத்தும்போது நீளமான விசைகளிலிருந்து தொடங்குவது வசதி. ஸ்டெபிலைசரின் தண்டுகளும் நடுத் தண்டும் துளைகளுக்கு நேராக உள்ளனவா என்று பக்கவாட்டிலிருந்து பார்த்தபின், கீழே ஒவ்வொரு தண்டும் உள்ள இடத்துக்கு நேர் மேலே கட்டைவிரலால் அழுத்துங்கள். பிறகு, மேடு உள்ள எஃப், ஜே விசைகளை வையுங்கள். தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவர்களுக்கு அவை ஆய்தமும் பகரமும். அவை இடத்தில் இருந்தால் மற்றவற்றைப் படத்தைப் பார்த்து இரு பக்கமும் நிரப்பிக்கொண்டே போகலாம்.

எல்லாம் முடிந்து வயரைச் செருகியதும், வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து எல்லா விசைகளையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள். ஸ்பேஸ் பாரை மட்டும் இடது ஓரத்திலும் நடுவிலும் வலது ஓரத்திலும் தனித்தனியே அழுத்துங்கள். மூன்று இடத்திலும் ஒரே சத்தம் வர வேண்டும். ஓர் ஓரத்தில் மட்டும் கடகடத்தாலோ, மேலே எழும்பத் தாமதித்தாலோ, கம்பி அந்தப் பக்கத்துப் பிடியில் சரியாக உட்காரவில்லை என்று பொருள். வயரைப் பிடுங்கிவிட்டு அந்த ஒரு கீகேப்பை மட்டும் மறுபடியும் நேராகத் தூக்கிப் பாருங்கள்.