பங்கு கன்டெய்னரில் சரக்கு வருகிறதா?

சீனாவின் யிவூ சந்தையில் 20 பெட்டி ஹேர்கிளிப் வாங்க முழு கன்டெய்னர் எதற்கு? எல்சிஎல் எனும் பங்கு கன்டெய்னர் போதும். விற்றவர் பெட்டிகளை நிங்போ துறைமுக நகரின் கிடங்கில் சேர்ப்பார். அங்கே பலர் சரக்கோடு சேர்த்து அடுக்கி சீல் வைப்பார்கள். சென்னையில் இறங்கியதும் கன்டெய்னர் மணலி, மாதவரம் பக்கம் ஏதாவதொரு சிஎஃப்எஸ் (கன்டெய்னர் சரக்கைப் பிரித்துக் கையாளும் இடம்) கிடங்குக்குப் போகும், பிரிப்பது அங்கேதான். பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி அறிக்கை), சுங்க வரி, டெலிவரி ஆர்டர் (சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவு) எல்லாம் முடிந்தால் குட்டியானையில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவரலாம்.

கட்டணத்தில்தான் சூட்சுமம். 60×50×40 செ.மீ. பெட்டி ஒன்று 0.12 கன மீட்டர், இருபதுக்கு 2.4. ஒரு கன மீட்டரை ஒரு டன்னுக்குச் சமமாக வைத்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். சரக்கின் எடை 300 கிலோதான் என்றாலும் 2.4-க்குத்தான் பில். பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் வாடகை! நெருக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

கப்பல் கட்டணம் அடிமாட்டு விலைக்கு வந்தால் உஷார். விட்டதைச் சென்னைக் கட்டணங்களில் பிடித்துவிடுவார்கள். இரண்டு பக்கச் செலவையும் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பக்கம் உங்கள் குறியீடும் 1/20, 2/20 என எண்ணும் பெரிதாக இருக்கட்டும். கிடங்கில் எல்லாப் பழுப்புப் பெட்டியும் ஒரே முகம்தான். எடுக்கும்போதே எண்ணிப் பாருங்கள். நசுங்கியிருந்தால் கையெழுத்துக்கு முன்பே போட்டோ எடுத்து, ரசீதிலும் எழுதிவிடுங்கள்.